யாரிடமும் தண்ணீர் கேட்காத பயணம்

கணவர் நோயிலிருந்து தேறினால், திருவண்ணாமலையிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சைக்கிளிலேயே போய்வருவதாக நேர்ந்துகொண்டேன். ஆண்டவர் துணை போதும், வழியில் யாரிடமும் உதவி கேட்பதில்லை என்று நானாகவே ஒரு நிபந்தனையும் சேர்த்துக்கொண்டேன். அவர் தேறியதும் புறப்பட்டேன்.

திரும்பி வரும்போது கடைசி நாள் மதியம், கீழ்பென்னாத்தூரைத் தாண்டியதும் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கடைகள் இல்லாத சாலை. யாரிடமும் கேட்காமல் மிதித்தேன். சற்று நேரத்தில் களைப்பே தெரியவில்லை. தூரத்தில் மலை நீரில் மிதப்பதுபோல் அசைந்தது. பின்னாலிருந்து யாரோ மெல்லத் தள்ளுவதுபோல் சைக்கிள் தானாகப் போனது. ஆண்டவர்தான் என்று எண்ணிக் கண் கலங்கினேன்.

திடீரென யாரோ கேரியரைப் பிடித்து இழுக்க, கீழே விழுந்தேன். வேர்க்கடலைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த, என் வயதுள்ள ஒரு பெண். நான் சாலையை விட்டு இறங்கி, கொல்லைக் கிணற்றின் விளிம்புவரை போயிருக்கிறேன்.

“எங்கம்மா போற? தண்ணி குடிச்சியா இல்லியா?” என்று சொம்பை நீட்டினார். என் வேண்டுதலைச் சொன்னேன்.

“தண்ணி கேக்கக் கூடாதுன்னு உங்க சாமி சொன்னாரா?”

கிணற்றடியில் ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்டவர்தான் இயேசு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாங்கிக் குடித்தேன். மாலையில் வீடு வந்து சேர்ந்தேன்.

இப்போதும் நெடுந்தூரம் சைக்கிளில் போகிறேன். பாட்டில் பாதியாகும்போதே, கண்ணில் படும் வீட்டில் தண்ணீர் கேட்டுவிடுகிறேன். அப்படிக் கேட்பதும் எனக்கு ஜெபம்தான்.

– ஒரு வாசகி, திருவண்ணாமலை