உட்பலகைக்குப் பின்னால்

ஷத்லி ஆணியை வாயில் கடித்துக்கொண்டே திட்டுவார். மஹ்தியா மீன்பிடித் துறையில் முப்பது வருஷமாகப் படகுத் தச்சு வேலை. மரம் விற்பவன், பெயின்ட் விற்பவன், மழை என்று யாரும் அவரிடம் தப்பியதில்லை. ஆனால் போன பிப்ரவரியிலிருந்து அவர் திட்டியது ஒரே ஆளைத்தான், மெக்கானிக் ஸுஹைரை.

அந்த பிப்ரவரியில் அவருடைய அண்ணன் நூரியின் படகை வேறொரு படகு இழுத்து வந்தது. பாதிவரை தண்ணீர். எஞ்சின் இடம்பெயர்ந்து கிடந்தது, விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் போகும் குழாய் கிழிந்திருந்தது. நூரியின் உடல் மூன்றாம் நாள்தான் கரை ஒதுங்கியது.

மரப்படகு தண்ணீரில் இறங்கினால் கொஞ்சம் வளையும். அதனால் மூன்று நாள் மிதக்கவிட்ட பிறகே எஞ்சினையும் ஷாஃப்டையும் நேர் பார்த்து போல்ட்டை இறுக்குவார்கள். நூரியின் எஞ்சினைப் பொருத்திய ஸுஹைர் காத்திருக்காமல் கரையிலேயே இறுக்கிவிட்டான் என்றார் ஷத்லி. காபிக்கடையில் சொன்னார், பள்ளிவாசல் வாசலில் சொன்னார், அடக்கம் முடிந்து திரும்பும் வழியிலும் சொன்னார். மூன்று நாள் காத்திருந்தேன் என்று ஸுஹைர் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். யாரும் அவனிடம் எஞ்சின் கொடுப்பதில்லை. இப்போது ஆலிவ் தோட்டங்களில் பம்புசெட் பார்க்கிறான்.

நூரியின் மனைவி மப்ரூக்கா படகை விற்க மாட்டேன் என்றாள். மத்தி சீசனுக்கு அவள் தம்பி அதில் போக வேண்டும். எஞ்சின் உட்காரும் கட்டையையும் உள்பலகைகளையும் ஷத்லியே புதுசாக்கித் தர ஒப்புக்கொண்டார். ஸுஹைர் கை மட்டும் இதில் படக்கூடாது என்றார்.

அந்த உள்பலகைகள் அவர் கையால் அடித்தவை. ஏழு வருஷத்துக்கு முன், அண்ணனுக்காக. மற்ற படகுகளில் பலகைக்குப் பலகை ஒரு விரல் இடைவெளி இருக்கும். அவர் அலமாரி மாதிரி, மயிரிழை தெரியாமல் சேர்த்திருந்தார். துறையே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனது.

முதல் பலகையை நெம்பியதும் ஈரக் காளான் வாடை அடித்தது. எஞ்சின் கட்டையில் உளியை வைத்தார், பிடிவரை இறங்கியது. போல்ட்டுகள் முறுக்குக் குலையாமல், மக்கிய மரத்தைக் கவ்விக்கொண்டே கையோடு வந்தன. எஞ்சின் காலடியில் மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று. தண்ணீரில் மிதக்கவிட்டு நேர் பார்த்தவன்தான் அப்படி வைப்பான்.

ஷத்லி கோடரியை எடுத்தார். கழற்ற வேண்டிய பலகைகளைக் கழற்றவில்லை, பிளந்தார்.

ரொட்டியும் சூரையும் கொண்டுவந்த மப்ரூக்கா மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்ல பலகையாச்சே தம்பி, ஏன் ஒடைக்கிறீங்க?"

"நாந்தான் அடைச்சு வெச்சேன் மதினி. காத்தே போகல. உள்ள மக்கிப்போச்சு. போல்ட்டு பிடிக்க மரமே இல்ல."

அவள் குனிந்து பிளந்த பலகையைப் பார்த்தாள். "அப்ப ஸுஹைரு?"

"அவன் சரியாத்தான் செஞ்சிருக்கான்."

அவள் சாப்பாட்டுத் தூக்கை மேல்தட்டில் வைத்தாள். "இத எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? அன்னிக்கு காபிக்கடையிலல்ல சொன்னீங்க." போய்விட்டாள்.

புது முசுக்கட்டை மரத்தில் கட்டை வைத்தார். பலகைகளை விரல் இடைவெளி விட்டு அடித்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து காபிக்கடை நிறைந்திருந்தபோது உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சீட்டாட்டம் நின்றது. யாரும் அவரைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் அடித்திருப்பார்.

படகு தண்ணீரில் இறங்கிய நான்காம் நாள் ஸுஹைர் கருவிப் பையோடு வந்தான். சலாம் சொல்லவில்லை.

"மூணு நாள் ஆச்சா?"

"ஆச்சு."

எஞ்சின் அருகே குனிந்து தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தான். ஷத்லி விளக்கை ஆணியில் மாட்டிவிட்டு முன்னால் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நகரு. வெளிச்சத்த மறைக்கிற."

ஷத்லி நகர்ந்தார்.