சவுண்டு வாய் திறக்காத மூன்று நாள்

அந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு செய்தி எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டுமென்றால் நோட்டீஸ் ஒட்டலாம். யாரும் படிக்க மாட்டார்கள். மின்னஞ்சல் அனுப்பலாம், யாரும் திறக்க மாட்டார்கள். சவுண்டிடம் "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் விடுதி வாட்ச்மேன் வரைக்கும் போய்விடும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி துணைவேந்தர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாருக்கும் அவர் சவுண்டுதான். வளாகக் கோவிலின் மைக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த வேலைக்காகப் பாதி, வாய்க்காகப் பாதி என்று அந்தப் பெயர் அமைந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் எலக்ட்ரீஷியனாக ஒரு மின்விசிறியைக் கழற்ற வந்த மனுஷன். பூசை நேரத்தில் மைக் கரகரத்தபோது ஏணியிலிருந்து இறங்கி ஒரு வயரைத் திருகிச் சரிசெய்தார். அன்றைக்குப் பின்பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. மின்விசிறியை வேறு யாரோ கழற்றினார்கள்.

அந்த அறையிலிருந்து பார்த்தால் மொத்தப் பல்கலைக்கழகத்தின் பக்தியும் தெரியும். சாதாரண நாளில் மதியப் பூசைக்குப் பதினைந்து பேர் வருவார்கள். பரீட்சை அட்டவணை ஒட்டின மறுநாள் நிற்க இடம் இருக்காது. "கணக்குப் பரீட்சை இருக்கிற வரைக்கும் கடவுளுக்குக் கவலையே இல்ல" என்பார் சவுண்டு. முகம் பார்த்து அவருக்கு யாரையும் தெரியாது, குரல் வைத்துத்தான் தெரியும். இருமினால் போதும், இன்ன வருஷம், இன்ன வகுப்பு என்று சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் அந்த வருஷம் புது மிக்ஸர் போர்டு வந்தது. எல்லா மைக்கின் சத்தமும் வந்து கலக்கிற பலகை, வரிசை வரிசையாகக் குமிழ்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. பச்சைக் குழந்தையைத் துடைப்பதுபோல் தினமும் துடைத்தார். எட்டாவது நாள் காலையில் அறையைத் திறந்தால், குமிழ்களுக்கு இடையில் காபி காய்ந்து பிசுபிசுத்துக் கிடக்கிறது. சுவிட்சைப் போட்டால் போர்டு செத்த பிணம். பக்கத்திலேயே சவுண்டின் காபி ஃப்ளாஸ்க், யோக்கியன் மாதிரி நின்றுகொண்டிருக்கிறது.

கோவில் காரியங்களைக் கவனிக்கிற ஆன்மப் பணி அலுவலகத்தை நடத்துகிற சிஸ்டர் வந்து போர்டைப் பார்த்தார், ஃப்ளாஸ்க்கைப் பார்த்தார், சவுண்டைப் பார்த்தார். நல்லவர்தான், ஆனால் அவர் அலுவலகத்தில் ஒரு பென்சில் இடம் மாறினாலும் விசாரணை உண்டு.

"சிஸ்டர், சத்தியமா நான் இல்ல. நேத்து நாலு மணிக்கே பூட்டிட்டுப் போயிட்டேன். போர்டு பக்கத்துல ஃப்ளாஸ்க்கைத் திறக்கவே மாட்டேன்..."

"போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க? பழைய போர்டுல காபியைக் கொட்டி, முடி காய வைக்கிற மெஷினால ஊதிச் சரி பண்ணினேன்னு?"

சொன்னதுதான். சிஸ்டரிடம் மட்டுமா சொன்னார்? கேண்டீனில் சொன்னார், நூலகத்தில் சொன்னார், புது மாணவர் வரவேற்பில் மைக் சோதனை செய்யும் சாக்கில் ஐந்நூறு பேருக்குச் சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்! இப்போது அவர் பேசப் பேச, கேட்டவர்கள் எல்லாரும் "சரிதான், இவர்தான்" என்று முடிவு கட்டினார்கள்.

புதன்கிழமை மூன்று பேர் உட்கார்ந்து விசாரிப்பது என்று ஏற்பாடாயிற்று: சிஸ்டர், வளாகத்து ஃபாதர், மாணவர்கள் சார்பில் பாடற்குழுத் தலைவி. தப்பு அவருடையது என்று முடிவானால் கண்ணாடி அறையின் சாவியைக் கொடுத்துவிட்டு, விடுதித் தண்ணீர் மோட்டாரைப் பார்க்கப் போக வேண்டியதுதான். கோவில் ஒலியை வெளிக் கம்பெனிக்கு விட்டுவிடுவார்கள். மோட்டார் அறையில் பேச்சுத் துணைக்கு மோட்டார் மட்டும்தான் இருக்கும்.

திங்கள்கிழமை சாயங்காலம், பரீட்சைக்கு முந்தின பாவசங்கீர்த்தன வழிபாடு. செய்த பாவத்தை ஒவ்வொருவராகச் சாமியாரிடம் தனியே சொல்லி மன்னிப்புப் பெறுகிற நேரம். கோவில் நிறைந்திருந்தது. ஸ்டோரிலிருந்து பழைய போர்டைத் தூக்கி வந்து மாட்டியிருந்தார் சவுண்டு. ஃபாதர் ஒரு வாசகம் படித்து, சின்னதாக ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, பக்கத்து அறைக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போனார். சவுண்டு அவருடைய காலர் மைக்கின் குமிழை இறக்கிவிட்டார். அதற்கு மேல் அது ஒலிபெருக்கியில் வராது. பியானோ மட்டும் மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது.

அப்போது ஹெட்போனில் 'உஸ்'ஸென்று ஓர் இரைச்சல். பழைய போர்டுக்கு வயதாகிவிட்டது, எந்த மைக் என்று தெரியவில்லை. வழக்கம்போல ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி ஒவ்வொரு மைக்கையும் ஹெட்போனில் தனியாகக் கேட்டார். நாலாவது பொத்தானை அமுக்கினதும் காதுக்குள் ஒரு பெண்குரல் அழுதுகொண்டே பேசியது:

"அந்தப் போர்டுல காபியைக் கொட்டினது நான்தான் ஃபாதர். என் பாட்டோட ரெக்கார்டிங்கைக் கேக்கலாம்னு பாடற்குழுவுக்குன்னு என்கிட்ட இருக்கிற சாவியால திறந்து போனேன். கப்பு கவுந்துடுச்சு, பயந்து ஓடிட்டேன். இப்ப அவர் மேல பழி விழுது..."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார் சவுண்டு. ஃபாதர் காலர் மைக்கை அணைக்காமலே உள்ளே போயிருக்கிறார்! அந்த மைக்கின் சத்தத்தை வாங்குகிற ரிசீவரின் பிளக்கை உருவிப் போட்டுவிட்டுத்தான் அவருக்கு மூச்சு வந்தது. குரல் யாருடையது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தார். பாடற்குழுவில் தலைவியின் நாற்காலி காலியாக இருந்தது.

அடுத்த நொடி அவருக்கு வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம்! தப்பித்தோமடா சாமி என்று துள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்கடுத்த நொடிதான் தாம் கேட்டது எங்கே பேசின பேச்சு என்று உறைத்தது. தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

வழிபாடு முடிந்ததும் ஃபாதரைத் தனியே பிடித்தார்.

"ஃபாதர், உங்க காலர் மைக் ஆன்லயே இருந்துச்சு."

ஃபாதரின் கை இடுப்பில் செருகியிருந்த மைக் பெட்டிக்குப் போயிற்று. முகம் வெளுத்துவிட்டது. "கடவுளே! எல்லாரும் கேட்டுட்டாங்களா?"

"இல்ல ஃபாதர். வெளியில ஒண்ணும் வரல. ஹெட்போன்ல நான் மட்டும்தான், ரெண்டு மூணு வரி."

ஃபாதர் மைக்கின் சுவிட்சை அணைத்தார். "என் தப்பு, மன்னிச்சிடுங்க. ஆனா ஒண்ணு. பாவசங்கீர்த்தனத்துல கேட்டதைச் சாமியார் எப்படி வெளியில சொல்லக் கூடாதோ, அப்படித்தான் தெரியாத்தனமா காதுல வாங்கினவரும். உங்களுக்கும் அதே கட்டுதான்."

"அது என்னைப் பத்தின விஷயமா இருந்தாக்கூடவா ஃபாதர்?"

"எந்த விஷயம்னு நீங்க சொல்லவும் கூடாது, நான் கேக்கவும் கூடாது" என்றார் ஃபாதர். சொல்லிவிட்டு அவருடைய கையைப் பிடித்து அழுத்தினார்.

சவுண்டின் மனைவி கேண்டீனில் பில் போடுகிறவர். கல்யாணமான நாள் முதல் சாப்பாட்டு நேரம் என்றால் சவுண்டு பேசுவார், அவர் கேட்பார். அன்றைக்கு சவுண்டு தட்டைப் பார்த்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஏங்க, உடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"அப்போ வாயில என்ன பூட்டா போட்டிருக்கு? அந்தக் காபி விஷயம் என்னாச்சு? யாருன்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

சவுண்டுக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினார். "தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டு ஏழரை மணிக்கே போர்த்திப் படுத்துக்கொண்டார். மனைவி பயந்துபோய் அக்காளுக்குப் போன் போட்டு, "இவர் பேசவே மாட்டேங்கிறாருக்கா" என்று அழாத குறையாகச் சொன்னார். அக்காள் மறுமுனையில், "உனக்கு விடிவுகாலம்னு நெனச்சுக்கோடி" என்றார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க சவுண்டு யார் கண்ணிலும் படாமல் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். கோபம் வராமல் இல்லை. வந்தது, நன்றாகவே வந்தது. முதல் வருஷத்தில் மைக்கைப் பார்த்தாலே உதறின பெண் அது. உதட்டிலிருந்து எத்தனை விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பதைக்கூட அவர்தான் காட்டிக்கொடுத்தார். தின்ற வீட்டுக்கே இரண்டகமா என்று பொருமினார். ஆனால் ஹெட்போனில் கேட்ட அந்த அழுகை நினைவுக்கு வரும்போதெல்லாம் கோபம் பாதியில் நின்றுவிட்டது.

புதன்கிழமை சிஸ்டரின் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் சிஸ்டர், ஃபாதர், நோட்டுப் புத்தகமும் பேனாவுமாகப் பாடற்குழுத் தலைவி. தீர்மானத்தை எழுதுகிற வேலை அவளுக்கு. கண் தப்பித் தவறி அவள் பக்கம் போய்விட்டால் சிஸ்டர் மோப்பம் பிடித்துவிடுவார் என்று சவுண்டுக்குப் பயம். அதனால் அண்ணாந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க" என்றார் சிஸ்டர். ஒரு மணி நேரமாவது ஆகும் என்று பக்கத்தில் தண்ணீர் பாட்டிலெல்லாம் எடுத்து வைத்திருந்தார்.

"நான் கொட்டல சிஸ்டர்."

சிஸ்டர் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"வேற யாராவது உள்ள போயிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்களா?"

"அதுல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"மேல என்னத்தைப் பாக்கிறீங்க?"

"பேரிங் போகப் போகுது. மாத்தணும்."

சிஸ்டர் ஃபாதர் பக்கம் திரும்பினார். ஃபாதர் மேசையில் இல்லாத ஒரு கறையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஃபாதர், நீங்க என்ன சொல்றீங்க?"

"நான்... ஒண்ணும் சொல்றதுக்கில்ல சிஸ்டர்."

"இன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும் என்னதான் ஆச்சு?" சிஸ்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நான் ஏதாவது எழுதித்தானே ஆகணும்? எழுதும்மா. 'பொறுப்பாளரின் கவனக்குறைவால் கருவி பழுதடைந்தது. வெள்ளிக்கிழமை அவர் சாவியை ஒப்படைக்க வேண்டும்.'"

சவுண்டின் கை தானாகப் பாக்கெட்டில் இருந்த சாவியைத் தொட்டது. இருபத்திரண்டு வருடம் அங்கேயே கிடந்த சாவி. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியதால் மின்விசிறிக்கு ஆறு இறக்கை தெரிந்தது.

பேனா ஓடுகிற சத்தம் கேட்கவில்லை.

"எழுதும்மா."

"முடியாது சிஸ்டர்." அதே குரல். இந்தத் தடவை அழவில்லை. "கொட்டினது நான். இவர் ஏதாவது கத்துவாரு, யார் மேலயாவது சந்தேகம் சொல்லுவாரு, அந்தச் சண்டையில நான் தப்பிச்சுக்கலாம்னு நெனச்சேன். இவர் ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாரு. நான் எப்படி இதை எழுதுவேன்?"

எப்படி சாவி வைத்துத் திறந்தாள், எப்படிக் கப் கவிழ்ந்தது, துப்பட்டாவால் துடைத்துவிட்டு எப்படி ஓடினாள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஃபாதர் விட்ட பெருமூச்சில் மேசைக் காகிதம் ஒன்று பறந்தது. சிஸ்டர் வாயைப் பிளந்தபடி சவுண்டைப் பார்த்தார். ஃபாதரும் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

அப்போதுதான் சவுண்டுக்கு உறைத்தது, ஐயோ, இப்போது ஆச்சரியப்பட வேண்டுமே! ஜென்மத்தில் நடித்தறியாத மனுஷன். தெரிந்ததைத் தெரியாதது மாதிரி காட்டாவிட்டால் இந்தப் பெண் அப்புறம் எந்த நம்பிக்கையில் பாவசங்கீர்த்தன அறைக்குள் போய் முட்டி போடுவாள்?

"அப்..படியா?" என்றார். குரல் தகரத்தில் ஆணி கிழித்த மாதிரி வந்தது. ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவளுடைய நெற்றி சுருங்கியது. "அண்ணா, உங்களுக்கு..."

தெய்வச் செயலாக அந்த நேரத்தில் வாய் கைகொடுத்தது. "அடிப் பாவி! அப்படியான்னு கேக்கிறேன், காதுல விழலையா? எட்டே நாள் ஆன போர்டு! பெத்த பிள்ளையைக்கூட நான் அப்படித் துடைச்சதில்ல! காபி குடிக்க இந்த வளாகத்துல வேற இடமே இல்லையா உனக்கு? அதுவும் உன் பாட்டை நீயே கேக்கணும்னு! மேல் சுரத்துல ரெண்டு வருஷமா இறங்கிப் பாடுறே, அதைக் கேக்க ஒரு காபி வேற!" மூன்று நாளாகக் கட்டி வைத்திருந்ததெல்லாம் மடை திறந்துகொண்டது. அரை மணி நேரம் திட்டினார். அலுவலகத்து மற்ற பெண்கள் கதவோரம் வந்து நின்று கேட்டார்கள். திட்டு வாங்க வாங்க அவளுடைய முகம் தெளிந்துகொண்டே வந்தது. சிஸ்டர் நடுவில் எழுந்து அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "நீங்க பேசாதது எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா? சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிடுங்க" என்றார்.

தண்டனையைச் சிஸ்டரே தீர்மானித்தார். பரீட்சை முடிந்ததும் தலைவி ஒரு மாதம் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்து ஒவ்வொரு குமிழாகத் துடைக்க வேண்டும். கூடவே சவுண்டின் பேச்சையும் கேட்க வேண்டும். "இது கொஞ்சம் அதிகம் சிஸ்டர்" என்றார் ஃபாதர். இருபத்து மூன்றாவது நாள் போர்டு உயிர் பிழைத்தது.

அடுத்த பாவசங்கீர்த்தன வழிபாட்டில் ஃபாதர் நேரே கண்ணாடி அறைக்கு வந்தார். காலர் மைக்கைக் கழற்றி, பேட்டரி இரண்டையும் வெளியே எடுத்து, சவுண்டின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். பக்கத்து அறை வாசலில் வரிசை நின்றது. நாலாவது ஆளாகத் தலைவி நின்றிருந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பயமில்லாமல் உள்ளே போனாள். சவுண்டு ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மனைவிக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. அந்த மூன்று நாள் ஏன் பேசவில்லை என்று எத்தனை தடவை கேட்டாலும் தலைவலி என்கிறார். ஆனாலும் கேண்டீனில் பில் போட்டுக்கொண்டே எல்லாரிடமும் சொல்வார்: "எங்க வீட்டுக்காரர் வயித்துல ஒரு ரகசியம் தங்காது. இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒண்ணுகூட மறைச்சதில்ல, பாவம்."

பக்கத்து மேசையில் சவுண்டு அதைக் கேட்டுக்கொண்டே காபியைக் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.