எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டவள்

பேய், ஆவி எதையும் நான் நம்பியதில்லை. வெயில், பசி, தூக்கக் குறைவு என்று நீங்கள் சொல்லப்போகும் காரணங்களை நானே வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்தும்விட்டேன்.

நான் சுரங்கப்பாதை வடிவமைக்கும் பொறியாளர். அப்போது ஒரு மலைச்சாலை வேலை. அங்கே களிப்பாறை, வெட்டிய அன்று கெட்டியாக இருக்கும், பாரமும் ஈரமும் சேர்ந்து வருஷக்கணக்கில் அதைத் தளர்த்திவிடும், பிறகு சுமையெல்லாம் உள்ளே போட்ட கான்கிரீட் மேல் இறங்கும். தெரிந்தே, புதிதாக வெட்டிய பாறைத் துண்டைச் சோதித்து வந்த பலத்தையே நூறு வருஷத்துக்கும் வைத்துக் கணக்கை முடித்தேன். தளர்வைச் சேர்த்தால் தடிமன் கூடும், மேலதிகாரி கத்துவார். கையெழுத்துப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

சுரங்கம் பாதி கட்டியிருந்த சமயம் சொந்த ஊரான பழவேற்காட்டுக்கு வந்திருந்தேன். தோழி பர்வீனோடு நடக்கும்போது, டச்சுக்காரர்கள் தெலுங்குக் கொத்தர்களை வைத்துக் கட்டி, பிறகு விட்டுப்போன செங்கல் நிலவறை ஒன்றைப் பார்த்ததும் குனிந்து உள்ளே போனேன். நடுப்பகல். பர்வீன் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பாம்பு கடிச்சா நான் தூக்கிக்கினு ஓட மாட்டேன்டீ."

எங்கள் வேலையில் சுவரைத் தட்டிக் கேட்போம். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே பிடிப்பு விட்டு இடைவெளி விழுந்திருக்கிறது. சாவியால் தட்டினேன். பொத்தென்றது.

மூலையில் ஒரு பெண், முழங்கை வரை ஈரச் சுண்ணாம்பு. பழுதுபார்க்க வந்தவள் என்றே நினைத்தேன். நிமிராமல் கேட்டாள்.

"எத்தினி வருசத்துக்குக் கணக்கு போட்டே?"

"நூறு" என்றேன். எந்தக் கணக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடியில் போகிறவர்களுக்கு அது தெரியுமா என்றாள். போன் வெளிச்சத்தை அடித்தபோது மூலையில் யாரும் இல்லை, தரை காய்ந்து கிடந்தது, நம்பினால் நம்புங்கள், அங்கே வெளியேற வேறு வழியும் கிடையாது.

அன்று சாயங்காலமே அலுவலகத்துக்கு உண்மையை எழுதினேன். மீதிப் பகுதிக்குத் தடிமன் கூட்டினார்கள். ஏற்கெனவே கட்டி முடித்த துண்டை இடிக்கவில்லை, சுவர் நகர்கிறதா என்று பார்க்க அளவுக் கருவி மட்டும் பதித்தார்கள். அது இன்றும் என் கையெழுத்தில்தான் நிற்கிறது. அடியில் பஸ் போகிறது.

ஒன்று மட்டும் எந்தப் பட்டியலிலும் அடங்கவில்லை. வெளியே வந்ததும் பர்வீன், "யாருகிட்டடீ தெலுங்குல பேசிக்கினு இருந்தே?" என்றாள். எனக்குத் தெலுங்கு வராது. தன் கடைக்கு ஆந்திர எல்லையிலுள்ள தடா ஊரிலிருந்து வரும் ஆட்களோடு பேசிப் பழகிய அவளுக்குப் புரியும். அவள் கேட்டது என் குரல் மட்டும்தான். "நூறு" என்று சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. அவள் காதில் விழுந்தது வேறு. அதைத் தமிழில் சொன்னாள்.

"நாங்க இங்கேர்ந்து போற வரைக்கும் நின்னா போதும்."