புகார் எழுதப் போன பக்கம்

எதிர்வீட்டு வாசலில் பதினொரு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. வாடகைக்கு வந்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நான்கு பேர் என்றுதான் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பாசிர் கூடாங் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கொள்கலன்களை எண்ணிக் குறித்தவன் நான். தாளில் ஓர் எண்ணும் தரையில் ஓர் எண்ணும் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. மீதி ஏழு பேர் யார்? வேலை பெர்மிட் உள்ளவர்களா, படகில் வந்து இறங்கியவர்களா?

ஒரு நாட்டுக்குள் வருகிறவன் வாசல் வழியாக வர வேண்டும் என்பது என் கருத்து. இன்றும் அதுதான். வேறு வழியில் அவனைக் கூட்டி வந்த ஏஜண்டும், அரைக் கூலிக்கு வைத்திருக்கும் முதலாளியும் தப்பித்துக்கொள்ள, சோதனையில் பிடிபட்டு லாரியில் ஏற்றப்படுகிறவன் அவன் மட்டுமே என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் புகார் செய்யத்தான் தோன்றியது.

கைப்பேசியில் தேடினேன். குடிநுழைவுத் துறையின் புகார்ப் பக்கம் என்று ஃபேஸ்புக்கில் ஒன்று வந்தது. சின்னம் இருந்தது, கொடி இருந்தது. கீழே நன்றி சொல்லி எழுதியவர்களை எண்ணினேன். நாற்பத்து மூன்று பேர். நாற்பத்து மூன்று பேரும் ஒரே நாளில் எழுதியிருந்தார்கள் என்பதை நான் கவனித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

படிவத்தில் என் விவரங்களோடு, வீட்டில் உள்ளவர்களின் அடையாள அட்டை நிறத்தையும் கேட்டிருந்தார்கள். மனைவிக்குச் சிவப்பு என்று எழுதினேன். அவள் பெக்கோக் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டார்கள். முப்பது வயதுக்கு மேல்தான் சிவப்பு அட்டை, அதாவது நிரந்தரவாசி அட்டை கிடைத்தது. குடிமக்களின் நீல அட்டைக்கு மூன்று முறை விண்ணப்பித்திருக்கிறாள். இரண்டு திரும்பி வந்துவிட்டன. மூன்றாவது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

மறுநாள் காலை ஒருவர் அழைத்தார். "ஐயா, உங்க புகார் கிடைச்சிருச்சு. நீங்க சந்தேகப்பட்டது சரிதான், நாங்க பாத்துக்குறோம். ஆனா உங்க வைஃப் கார்டுல ஒரு பிரச்சினை காட்டுது. படம் புடிச்சு அனுப்புங்க. இல்லாட்டி அப்ளிகேஷன் கேன்சல் ஆயிடும்."

காஸ் தோம்பைக்கூட, சிலிண்டரில் எடை குறைகிறதா என்று தூக்கிப் பார்த்து வாங்குகிறவன் நான். ஆனால் என் சந்தேகம் சரி என்று சொன்ன முதல் ஆள் அவர். மனைவியின் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, முன்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். அடுத்து, அவள் அந்த அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி ஒரு வீடியோ வேண்டும் என்றார். போனோடு சமையலறைக்குப் போனேன்.

"யாரு கேக்குறா?" என்றாள்.

"ஆபீஸரு."

"நாப்பது வருஷமா பேப்பருக்காக அலையிறேன். எந்த ஆபீஸரு நம்மளத் தேடி போன் போட்டான்? நம்பர் எடு, உக்காரு, நாளைக்கு வா. அதான் ஆபீஸு. இவன் என்ன ஐயா ஐயாங்குறான்? வைங்க லா போனை."

எந்தக் கவுண்டருக்கு வர வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தபோது அந்த எண்ணே இல்லை.

அவள் அட்டையின் படம் இப்போது யார் கையிலோ இருந்தது. அந்த அட்டை எண்ணை வைத்து எவனாவது ஏதாவது செய்து வைத்தால் மூன்றாவது விண்ணப்பமும் போய்விடும். அன்று மதியமே போலீஸ் நிலையத்துக்குப் போனோம்.

ரிப்போர்ட் எழுதிய காவலர் ஒரு தமிழ்ப் பெண். "என்ன புகார் குடுக்க அந்தப் பக்கத்துக்குப் போனீங்க, ஐயா?" என்று கேட்டார். மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு ஆட்களில் ஒருவன்தான் அவளுடைய அரிசி மூட்டையை மூன்று மாடி தூக்கிக்கொடுப்பவன்.

"குப்பை," என்றேன். "எதிர்வீட்டுல குப்பையைக் கொட்டுறாங்க."

"குப்பைக்கு இமிக்ரேஷனா?"

"வயசாயிடுச்சும்மா. பக்கம் மாறிப்போச்சு."

அவர் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் மனைவி தாளை வாங்கி விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். "குப்பையா?"

பொய் சொல்ல முடியவில்லை. "பேப்பர் இல்லாதவங்க இருக்காங்கன்னு எழுதப் போனேன்."

"நம்ம கல்யாணத்தப்ப எனக்கு என்ன பேப்பர் இருந்துச்சு?"

"அது வேற. நீ இங்க பொறந்தவ."

"அதத்தான் நானும் சொன்னேன். ஒருத்தனும் நம்பலியே." தாளை என் கையில் திணித்தாள். "உள்ள போய் மாத்தி எழுதச் சொல்லுங்க."

"சின்ன விஷயம், விடு."

"எங்கப்பா தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணிகிட்ட எனக்கு ரெண்டு வயசு கூட்டிச் சொன்னாரே, அதுவும் சின்ன விஷயந்தான். அதுக்குத்தான் மொத தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. எம் பேரு இருக்கிற தாளுல பொய் வேணாம்."

திரும்பப் போய் எண் எடுத்து உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஆறு பேர். என் முறை வந்ததும் உள்ளதைச் சொன்னேன். அந்தக் காவலர் இந்த முறை சிரிக்கவில்லை. முதல் ரிப்போர்ட்டைத் திருத்த முடியாது, இரண்டாவதாகத்தான் எழுத முடியும் என்றார். எழுதினார். என் பொய்யும் அதற்கான திருத்தமும் இரண்டு எண்களோடு அங்கே பதிவாகிவிட்டன.

மனைவி இரண்டு தாள்களையும் விண்ணப்பக் கோப்பில் வைத்தாள். மறுநாள் அடையாள அட்டை கொடுக்கும் பதிவிலாகாவில் காட்ட வேண்டும். பொய் சொன்னவனின் மனைவி என்று அவளையும் சந்தேகிப்பார்களோ என்று பஸ்ஸில் இரண்டு முறை கேட்டேன். அவள் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு மணிக்கே போயிரலாம்," என்றாள். "அங்க நீங்க வாயத் தொறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்."