சவுக்கு வெட்டிய பிறகு

கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிறு. திருக்கழுக்குன்றத்தில் எங்கள் பேருந்தை ஒரு லாரி உரசுவதுபோலக் கடந்துபோனது. லாரி நிறையச் சவுக்குக் கம்புகள். அவற்றில் சிலவற்றின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பட்டை தெரிந்தது. அந்தப் பட்டைகளைத் தீட்டிய இருவரில் நான் ஒருவன்.

கோவளத்தில் தொடங்கிக் கடலோரமாகத் தெற்கே வந்து, பாலாற்றைக் கடந்து, உள்ளே திரும்பி மதுராந்தகம் ஏரிக்கரையில் முடிகிறது ஒரு பாதை. முதுகில் மூட்டையோடு நாள்கணக்கில் நடக்கிறவர்களுக்கானது. அரசாங்கம் போட்டதல்ல. சில தன்னார்வலர்கள் துண்டு துண்டாகப் பங்கிட்டுப் பார்த்துக்கொள்கிறோம். முள்ளை வெட்டுவது, வழிக்குறிகளுக்குப் புதிதாக மஞ்சள் அடிப்பது, இரவு தங்கும் இடங்களில் கண்ணாடிச் சில்லும் அறுந்த வலைத்துண்டும் பொறுக்குவது, இவைதான் வேலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருக்கும் துண்டு எங்களுடையது. அதன் நடுவில் ஒரு சவுக்குத்தோப்பு, தோப்பின் ஓரத்தில் ஒரு அடிபம்பு, பம்புக்குப் பக்கத்தில் நாலு கூடாரம் போடும்படி மேடாக்கிய மணல்.

'எங்கள்' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். கூட இருந்தவர் அணுசக்தி நகரியத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் ஆடி மாதம் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு நான் ஒருவன்தான்.

பேருந்து மாமல்லபுரம் போய்ச் சேரும்வரை எங்கள் முட்டாள்தனத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். புயலுக்குத் தாங்குமா, உப்புக்காற்றுக்கு மரப்பட்டை உரியுமா என்றெல்லாம் இருவரும் மணிக்கணக்கில் பேசித்தான் மரங்களைத் தேர்ந்தெடுத்தோம். சவுக்கு ஒரு விளைச்சல், நெல்லைப்போல அதற்கும் அறுவடை உண்டு என்பது இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பழைய செப்பேடுகளில் நிலத்துக்கு எல்லை சொல்லும்போது இன்ன புளியமரத்துக்கு மேற்கு, இன்ன புற்றுக்கு வடக்கு என்று சொல்லியிருக்கும். படிக்கும்போதெல்லாம் அந்தப் புளி எந்த ஆண்டு விழுந்திருக்கும் என்று யோசிப்பேன். எங்கள் மரங்களைப் பற்றி யோசித்ததில்லை.

தோப்பு இருந்த இடத்தில் வானம் மட்டும் இருந்தது. தரையெல்லாம் சருகும் அடிக்கட்டைகளும். தோப்புக்காரர் மினி லாரியில் சாய்ந்து நின்றிருந்தார். விவசாயத்தோடு இரண்டு வண்டியும் ஓட்டுகிறவர்.

"வா சார். மஞ்சக் கலரு போட்ட மரத்துக்கு இன்னா தனி ரேட்டானு கேட்டுகினு போறான் லாரிக்காரன்" என்றார்.

ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அஞ்சு வருசமாச்சி, வெட்னேன். உனுக்கு வழி காட்டவா சார் சவுக்கு நட்டுகீறேன்?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். கூடாரம் போடும் இடத்தை யாரும் தொடவில்லை என்றும், தை பிறந்து கட்டை பிடுங்கிய பிறகு மறுபடி கன்று வைக்கப்போவதாகவும் சொன்னார். ஓரமாகக் கிடந்த மெல்லிய கம்புகளைக் காலால் தள்ளிக் காட்டினார். "எட்துக்கோ. அடுப்புக்குப் போறது உன் பாதைக்குப் போவட்டும்."

பொங்கல் கழிந்ததும் பாதையை ஒருங்கிணைக்கும் இருவர் சென்னையிலிருந்து வந்து முழுவதும் நடந்து பார்ப்பது வழக்கம்; முதல் ஞாயிறு காலை எங்கள் துண்டுக்கு வந்துவிடுவார்கள். கையில் வரைபடம் இருக்காது, ஃபோனைப் பார்க்க மாட்டார்கள். கண்ணில் படும் குறியை மட்டும் நம்பி நடப்பார்கள். குறி கிடைக்காமல் போகும் துண்டை அந்த ஆண்டே நீக்கிவிட்டு, நடப்பவர்களை ஈ.சி.ஆர். சாலை ஓரமாகத் திருப்பி விடுவார்கள். தோப்பு வெட்டிய சேதியைச் சொன்னதும் அவர்களில் மூத்தவர், நான் ஒருவனாக இருப்பதால், வேண்டுமானால் இப்போதே நீக்கிவிடலாம் என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். வேண்டாம், குறி வைத்துவிடுகிறேன் என்றேன். செங்கல்பட்டில் மாடி வீடு ஒன்றில் தனியாக இருக்கிறேன். திங்கள் முதல் சனி வரை நூலகம், மருந்துக்கடை, உணவகம் என்று எப்படியோ ஓடிவிடும். அந்தத் துண்டு போனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

கம்புகளின் தலைக்கு மஞ்சள் அடித்துக் காயவைத்தேன். ஆனால் குறி வைப்பது இருவர் வேலை. ஒருவர் முன்னால் போய்க் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர் கடைசிக் குறிக்கு முதுகைக் கொடுத்து நின்று, நடந்து வருகிறவனின் கண்ணுக்கு அது படுமா என்று சொல்ல வேண்டும். "தெரியுதா சார்?" என்று நான் கத்துவேன். "கொஞ்சம் கடல் பக்கமுங்க" என்பார் அவர். இந்த இரண்டு வாக்கியங்களை வைத்தே பல பகல்கள் கழிந்திருக்கின்றன. தனியாக என்றால், கம்பை நட்டுவிட்டுத் திரும்பி நடந்து பார்த்து, சரியில்லை என்றால் மறுபடி போய்ப் பிடுங்கி நட்டு, மறுபடி திரும்பி வர வேண்டும். வெட்டவெளி மணலில் கண் கூசியது. மார்கழி முதல் ஞாயிறு இருட்டும்வரை இருந்தும் பாதித் தூரம்கூட ஆகவில்லை.

அன்றிரவு கோயம்புத்தூருக்கு ஃபோன் செய்து நிலைமையைச் சொன்னேன். அவர்தான் வழி கண்டுபிடித்தார். வங்கிச் சேதிகளுக்காக நான் வைத்திருக்கும் பட்டன் ஃபோனையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பெரிய ஃபோனில் வீடியோ போட்டுக் கடைசிக் குறியில் கட்டிவிட்டால் போதும், அதன் வழியாக அவர் தன் ஃபோனில் பார்த்து, மகள் வீட்டு ஃபோனிலிருந்து என் பட்டன் ஃபோனுக்குச் சொல்லிவிடுவார்.

அடுத்த ஞாயிறு அப்படியே செய்தோம். பெரிய ஃபோனைத் துண்டால் கம்போடு கட்டிவிட்டு, சட்டைப்பையில் அவர் குரலோடு நடந்தேன். கேட்பது காற்றா அலையா என்றார். அலை என்றேன். பம்பில் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்றார். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் மாலைவரை வீட்டில் யாரும் இல்லை, சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் துணி காயும் கொடிகள் என்றார். ஞாயிற்றுக்கிழமையிலும் அவர்கள் வெளியே போயிருந்தார்கள் போலும். கம்பைப் பிடித்துத் "தெரியுதா சார்?" என்பேன். "தெரியுதுங்க" என்பார். வேலை விறுவிறுவென்று ஓடியது. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த மணலில் நடந்து வெகுநாள் ஆகியிருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு மேட்டில் கடப்பாரையால் குழி போட்டுக்கொண்டிருந்தேன். கம்பு என் காலடியில் இராவணன் மீசைப் புல்லுக்குள் படுத்துக் கிடந்தது. சட்டைப்பையிலிருந்து குரல் வந்தது.

"இதுவும் நல்லா தெரியுதுங்க சார். அருமையான இடம்."

நான் கம்பைப் பார்த்தேன். மஞ்சள் தலை மணலில் புதைந்திருந்தது.

அந்தச் சின்னத் திரையில் அவருக்கு அன்று முழுவதும் என்ன தெரிந்திருக்கும்? வெள்ளையாக ஒரு வெளிச்சம், அதில் ஒரு புள்ளியாக நான். அல்லது நானும் இல்லை. கம்பை எடுத்து நட்டேன். "சரி சார், அடுத்ததுக்குப் போறேன்" என்றேன். "போங்க போங்க" என்றார். பட்டன் ஃபோனில் சார்ஜ் தீரும்வரை அப்படியே தொடர்ந்தோம். அவர் தெரிகிறது என்றார், நான் நட்டேன். அடுத்த இரண்டு ஞாயிறுகளில், அவரிடம் சொல்லாமல், எல்லாக் கம்புகளையும் ஒருமுறை பின்னால் வந்து நின்று பார்த்தேன். பாதிக்கு மேல் பிடுங்கி மாற்ற வேண்டியிருந்தது. இடையில் அவர் ஃபோன் செய்து, இன்னும் ஏதாவது குறி பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். நல்லதுங்க என்று வைத்துவிட்டார். ஒன்றிரண்டு பாக்கி என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்த ஞாயிறு முதல் பேருந்திலேயே போய், வடக்கு முனையிலிருந்து நடந்து வந்தேன். எல்லாம் இருந்தன. வெட்டிய தோப்பின் நடுவில் மட்டும் ஒரு கம்பு இல்லை. குழி மட்டும் இருந்தது, பக்கத்தில் காலடிகள். காய்ந்த சவுக்கு நன்றாக எரியும், யார் வீட்டு அடுப்புக்கோ போயிருக்கும். கடப்பாரை செங்கல்பட்டில் இருந்தது. தோப்புக்காரரின் வண்டியைக் காணோம். நாலு பக்கமும் அடிக்கட்டைகள், எந்தப் பக்கம் போனாலும் பாதைபோலத்தான் இருக்கும். வடக்கே தூரத்தில் இரண்டு தொப்பிகள் தெரிந்தன.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. மஞ்சள் அடித்த கையைத் துடைத்துத் துடைத்துக் கறையேறிய துணி ஒன்று பையில் இருந்தது. அதைத் தலையில் கட்டிக்கொண்டு குழியில் கால் வைத்து நின்றேன்.

அவர்கள் முந்தைய குறியில் நின்று சுற்றிலும் பார்த்தார்கள். பிறகு நேராக என்னை நோக்கி நடந்து வந்தார்கள்.

வரவேற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மூத்தவர் கைகொடுத்தார். காலுக்குக் கீழே குழியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கூட வந்தவர் சிரித்துவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை.

"இந்தத் துண்டு இருக்கட்டும் சார். ஆனா கூட ஒருத்தரைப் பாருங்க. நீங்க எத்தனை நாளைக்கு நிப்பீங்க?" என்றார்.

பார்க்கிறேன் என்றேன். அடுத்த குறி எது என்று அவர்கள் என்னைக் கேட்கவில்லை. பத்தடி நடந்ததும் தாங்களே கண்டுகொண்டார்கள். கொஞ்ச தூரம் போனபின் இளையவர் திரும்பி, கோவளத்திலிருந்து கிளம்பிய இன்னும் இருவர் பின்னால் வருகிறார்கள், மெதுவாக நடப்பவர்கள், மத்தியானம் ஆகலாம் என்று கத்தினார். சரி என்று கையைத் தூக்கினேன். தொப்பிகள் இரண்டும் பம்பைத் தாண்டிச் சின்னதாகிப் போயின. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வடக்கே பார்த்து, குழியிலிருந்து காலை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.