கண்மாய்ச் சேற்றில் முதுகு கொடுத்தவள்

கண்மாய்க்குள் ஜீப் புதைந்து நின்றது. பின்னால் என் பொண்டாட்டி வெந்து கிடந்தாள். சுற்றி ஒரு ஆள் இல்லை. சாமி என்று ஒன்றும் இல்லை என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

என் பேர் மாரிச்சாமி. எம். புதுப்பட்டிப் பக்கம் ஊர். அஞ்சாப்பு வரைக்கும் படித்தவன். வண்டி ஓட்டத் தெரியும். எழுத வராது. நம்ம காளியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடுகிற மலரில், ஆத்தா அருள் கிடைத்தவர்கள் எழுதலாம் என்று பையன்கள் சொன்னார்கள். எழுதுகிறேன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

2005-ஆம் வருசம் ஐப்பசி. தீபாவளி நெருங்கிவிட்டது. நான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஜீப் ஓட்டினேன். பட்டாள ஏலத்தில் முதலாளி எடுத்த பழைய வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். முதலாளிக்கு அச்சாபீசும் உண்டு. அதனால் ஆள், சரக்கு, காலண்டர் அட்டை எல்லாம் அந்த ஒரே வண்டியில்தான். தேதிக் கட்டு வைத்துத் தைக்கிறதுக்கு அட்டையை ஊர் ஊராக வீடுகளில் கொண்டுபோய்ப் போடுவேன். அன்றைக்கும் பின்னால் கட்டுக் கட்டாக அட்டை கிடந்தது. மேலே தார்ப்பாய்.

என் வீட்டுக்காரி பேச்சியம்மாளுக்கு அதே கம்பெனியில் வேலை. ஆர்டர் கூடிப்போச்சு. ரூமில் இடம் இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார வைத்து மருந்து அடைக்கச் சொன்னார்கள். சீசன் வந்தால் மர நிழலும் அவர்களுக்கு ரூம்தான்.

உச்சிப் பொழுதுக்கு முன்னால் மருந்தில் தீப் பிடித்துக்கொண்டது. எதனால் பிடித்தது என்று இன்றைக்கும் தெரியாது. கூட இருந்தவர்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார்கள். அவள் மட்டும் இருந்தாள். சத்தம் கேட்டு ஓடினேன். பேச்சி நின்றுகொண்டிருந்தாள். நெஞ்சிலும் கையிலும் சேலை ஒட்டிக் கிடந்தது. அழவில்லை.

"ஏங்க, பாக்கக் கோரமா இருக்கேனா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன்.

தார்ப்பாய் மேல் அவளைச் சாய்த்து வைத்து வண்டியை எடுத்தேன். கம்பெனி போர்மேன் ஓடிவந்து முன்னால் ஏறினார்.

"தார் ரோட்டுல செக்கிங் ஆபீசர் வண்டி நிக்குது. இவளை இந்தக் கோலத்துல பாத்தா கம்பெனிய இழுத்து மூடிருவாக. கண்மாய்க்குள்ள விடு."

"நேத்துப் பேஞ்ச மழைண்ணே. கரிசலு."

"போர் வீல் வண்டிதானலே? பெறகு எதுக்கு வாங்கிப் போட்டிருக்கு? அம்புட்டுப் பேரு பொழப்பும் ஒன் கையில இருக்கு."

என் பொண்டாட்டி உயிரும் அதே கையில்தான் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

கண்மாய் வழி குறுக்கும்கூட. இறக்கிவிட்டேன்.

கரிசலைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மேலே பால் ஆடை மாதிரிக் காய்ந்திருக்கும். உள்ளே களி. நட்டநடுவில் பின்சக்கரம் இறங்கியது.

"மிதிலே! நல்லா மிதி!"

மிதித்தேன். சக்கரம் சுற்றியது. வண்டி நகரவில்லை. சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாச்சு. வண்டியின் வயிறு சேற்றில் உட்கார்ந்ததும் இஞ்சினை அணைத்துவிட்டேன்.

"ஏம்லே அணைச்ச?"

"இன்னும் மிதிச்சா நம்மளே குழி தோண்டி வண்டியப் பொதைக்கிற மாதிரிண்ணே."

"அந்தக் கருவேலக் கொப்பை ஒடிச்சு உள்ள போடு."

"முள்ளுண்ணே. நாலு டயரும் போயிரும்."

"அப்ப நீயே சொல்லு, பெரிய மெக்கானிக்கு."

பேச்சி தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். போர்மேன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பேண்டை முழங்காலுக்கு மடித்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"டிராக்டர் கூட்டியாறேன். இங்கனயே இரு" என்றார்.

கரையேறிப் போனார். கரை மேல் நின்று செருப்பை உதறிப் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அவர் திரும்பி வரவில்லை. டிராக்டரும் வரவில்லை.

மேற்கே மறுபடி கறுத்தது. மழை வந்தால் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். பேச்சிக்கு நடுக்கம் வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்று கையை வைத்தேன். வைத்த இடத்தில் தோல் கையோடு வந்தது. விட்டுவிட்டேன்.

அப்போதுதான் கும்பிட்டேன். கும்பிட்டேன் என்று சொல்லக்கூடாது. வைதேன்.

"ஏ ஆத்தா! வருசா வருசம் ஒனக்குத் தீச்சட்டி எடுத்தவ இவ. கையில நெருப்பை ஏந்துனவளை நெருப்புலயே போட்டுட்டியே. ஒனக்குக் கண்ணு இருக்கா? வாறதுன்னா இப்ப வா. இல்லைன்னா ஒன் வாசலை இனி நாங்க ரெண்டு பேரும் மிதிக்க மாட்டோம்."

காற்றுகூட அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சி முனகினாள்.

"முதுகுல என்னமோ குத்துது."

அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுத் தார்ப்பாயை விலக்கினேன். ஒரு கட்டுக் கயிறு அறுந்து அட்டை சரிந்து கிடந்தது. மேல் அட்டையில் ஆத்தா. சிவப்புச் சேலை. எலுமிச்சம்பழ மாலை. கையில் சூலம். நேரே என்னைப் பார்த்தாள்.

நான் வா என்று கத்தினேன். அவள் காலையிலிருந்து என் வண்டியில்தான் இருந்திருக்கிறாள்.

கெட்டி அட்டை. சக்கரத்துக்கு அடியில் கொடுத்தால் பிடிப்பு கிடைக்கும் என்று உடனே தெரிந்துபோச்சு. கை போகவில்லை. அச்சாபீசில் வீணாய்ப் போன சாமித் தாளைக்கூட நாங்கள் மிதிக்க மாட்டோம். தெரியாமல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அவள் மேல் வண்டியை ஏற்றுவதா?

தார்ப்பாயைப் போட்டுப் பார்த்தேன். வழுக்கிச் சுருட்டிக்கொண்டது. சட்டையைப் போட்டேன். துண்டைப் போட்டேன். சேறு விழுங்கிவிட்டது. உடுத்தியிருந்த கைலியையும் அவிழ்க்கப் போனேன்.

"அதைப் போடுங்க" என்றாள் பேச்சி.

"அம்மன்டி."

"நானும் பொம்பளதான. என்னையப் பாத்துக்கிட்டுத்தான கெடக்கா. அவளுக்குத் தெரியும். போடுங்க."

போட்டேன்.

முதலில் நாலு சக்கரத்துக்கும் முன்னால் கையாலும் ஜாக்கிக் கம்பியாலும் சேற்றை வழித்துச் சரிவாக வழி எடுத்தேன். வயிற்றுக்கு அடியிலும் எடுத்தேன். டயரில் காற்றைப் பாதி இறக்கினேன். காற்று குறைந்தால் டயர் பரந்து உட்காரும். முன்சக்கரத்தின் நடுவில் ஒரு பூட்டு இருக்கும். அதைத் திருகினால்தான் முன்சக்கரமும் இழுக்கும். டீசல் மிச்சம் என்று முதலாளி அதைத் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தார். துரு ஏறிக் கிடந்தது. கல்லால் தட்டித் திருகிப் பூட்டினேன்.

பிறகு அட்டையை அடுக்கினேன். ஆத்தா முகத்தைச் சேற்றில் வைக்க மனசு வரவில்லை. முகம் மேலே பார்க்க வைத்தேன். சக்கரம் வழவழப்பில் சறுக்கியது. இறங்கிப் பார்த்தேன். முகத்தில் டயர் தடம்.

அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரவில்லை. எல்லாவற்றையும் புரட்டிப் போட்டேன். முகம் சேற்றுக்கு. சொரசொரப்பான முதுகு சக்கரத்துக்கு.

முதல் கியர். ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராக வைத்தேன். ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை, தொட்டேன். முன்சக்கரம் கடித்தது. ஒரு சாண் நகர்ந்தது. அட்டை நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவள் முதுகைக் கொடுத்தாள். வண்டி ஏறி வந்தது. கெட்டித் தரை வருகிற வரைக்கும் நான் நிறுத்தவே இல்லை.

கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். நான் வந்த தடம் நெடுக அவள் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் போர்மேன் நின்றார். யாரோ பைக்கில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

"வீட்டு அடுப்புல பட்டதுன்னு சொல்லு. செலவைக் கம்பெனி பாத்துக்கிடும்" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் டாக்டரிடம் பேச்சி சொன்னாள். "மரத்தடியில மருந்து அடைச்சேன். பத்திக்கிடுச்சு." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அதோடு எனக்கும் வேலை போச்சு.

இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். பிழைத்தாள். வலது கை விரல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. சோறு பிசைய முடியாது. கழுத்துத் தோல் தாங்காது என்று தாலியைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டியிருக்கிறாள். வெயிலில் நடந்தால் எரிகிறது என்பாள்.

அட்டை விசயம் ஊருக்குத் தெரிந்தது. அடுத்த கொடைக்குப் பேச்சி தீச்சட்டிக்குக் காப்புக் கட்டப் போனாள். கோயில் பெரியவர் மறித்தார்.

"ஏலே மாரிச்சாமி, சாமி மேல வண்டி ஏத்திருக்க. வேற ஒண்ணும் கிடைக்கலையாக்கும்?"

"இல்ல அண்ணாச்சி."

"சாக்கு? தார்ப்பாய்?"

"போட்டுப் பாத்தேன் அண்ணாச்சி."

"அப்ப நீ படுத்திருக்க வேண்டியதுதான?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ரெண்டு பேர் அன்றைக்குக் கம்பெனியில் இருந்தவர்கள். பேச்சி முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள்.

"அவளுக்குக் கோவம்னா எங்கிட்டச் சொல்லட்டும் அண்ணாச்சி. ஒங்ககிட்ட ஏன் சொல்லுதா? அவதான் வந்தா. நீங்க யாரும் வரல."

சிரிப்பு நின்றது. பெரியவர் காப்பு மட்டும் கட்டவில்லை. இன்றுவரை கட்டவில்லை. நாங்கள் வெளியில் நின்று கும்பிட்டுவிட்டு வருகிறோம்.

இப்போது வேற ஆளிடம் வண்டி ஓட்டுகிறேன். யாருக்காகவும் ரோட்டை விட்டு இறங்குவதில்லை. யார் வண்டியாவது கண்மாயில், ஓடையில் மாட்டிக்கொண்டால் கூப்பிடுகிறார்கள். போகிறேன். மண்வெட்டி, வடக்கயிறு, ரெண்டு பலகை எப்போதும் வண்டியில் கிடக்கும். போனதும் முதல் காரியமாக இஞ்சினை அணைக்கச் சொல்வேன். கூட நிற்பவர்களைக் கயிற்றை விட்டு விலகி நிற்கச் சொல்வேன். காசு வாங்குவதில்லை. ஒரு தடவை போர்மேன் கார் மாட்டியது. அதையும் எடுத்துவிட்டேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

கோடையில் கண்மாய் காய்ந்தால் நானும் பேச்சியும் அந்த இடத்துக்குப் போவோம். அட்டை எல்லாம் மக்கி மண்ணாச்சு. அந்த மண்ணில்தான் சூடம் ஏற்றுகிறோம். அவள் இடது கையால் பொருத்துவாள்.

என் மனசு ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுதினால் ஆத்தாவுக்கே பொறுக்காது. ஆனால் நான் கூப்பிட்டேன், அவள் வந்தாள். அது சத்தியம். ராத்திரி என் பக்கத்தில் பேச்சி மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. அதுக்கு நான் ஆத்தாவுக்குக் கடமைப்பட்டவன்.

படிக்கிற உங்களுக்கும் இதைத்தான் சொல்லுகிறேன். முடியாமல் போகும்போது கூப்பிடுங்கள். வைதாவது கூப்பிடுங்கள். கோயிலுக்குள் இருக்கிற மாதிரி, பூவும் பொட்டுமாக வருவாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். சேற்றில் முகத்தை வைத்து, ஏறிப் போ என்பாள். ஏறிப் போங்கள்.