தாமதமாக வராத பிள்ளைகள்

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அந்த அம்மாளை ஊரே ‘ஹாரன் அக்கா’ என்றுதான் கூப்பிடும். பஸ்ஸின் ஹாரனுக்காக அல்ல, அவள் தொண்டைக்காகத்தான் அந்தப் பெயர் என்று அவள் புருஷன் சொல்வார். அதுவும் அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு. பஞ்சர் கடைக்காரர் அவர். டயருக்குக் காற்றடிக்கும் இரைச்சலில் மனிதருக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிடும்.

பிள்ளைகளைப் பற்றி அக்காவுக்கு ஒரு கணக்கு உண்டு. வீடு என்று ஒன்று இருக்கிற பிள்ளை பஸ்ஸுக்கு நேரத்தில் வரவே வராது. ஒரு காலில் ஷூ, இன்னொன்று கையில், வாயில் ரொட்டி, பின்னாலேயே அம்மாவின் அர்ச்சனை என்று, ஹாரன் அடித்த பிறகுதான் கதவே திறக்கும். அந்தப் பிள்ளைகளை எல்லாம் வாயாரத் திட்டித்தான் ஏற்றிக்கொள்வாள். ஆனால் பஸ் வருவதற்கு முன்பே தலைவாரி, பையை மாட்டிக்கொண்டு சமர்த்தாக ஸ்டாப்பில் நிற்கிறதே, அதைப் பார்த்தால்தான் அவளுக்குக் கவலை வரும். புரண்டு படுக்க ஒரு படுக்கை இல்லாத பிள்ளைதான் அவ்வளவு சீக்கிரம் எழுந்து வரும்.

கிராமத்தில் வீடில்லாத பிள்ளை லேசில் கண்ணில் படாது. டவுன் என்றால் பாலத்தடி, ஸ்டேஷன் பெஞ்சு என்று எங்காவது பார்த்துவிடலாம். இங்கே வைக்கோல் கொட்டகை இருக்கிறது, பம்பு அறை இருக்கிறது, ‘இன்னிக்கு ஒரு நாள் மட்டும்’ என்று சிநேகிதி வீட்டு சோபா இருக்கிறது. “நம்ம ஊர்ல அப்படி யாருமே இல்லையே” என்று பெரிய மனிதர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். அப்படிச் சொன்ன ஒருவர் வீட்டு டிராக்டர் ஷெட்டிலேயே ஒரு பையன் குளிர்காலம் முழுக்கப் படுத்து எழுந்தது அக்காவுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஷெட்டுக்குப் பூட்டு விழும்.

இந்தப் பிள்ளைகளிடம் போய், ‘ஐயோ பாவம், எங்க வீட்டுக்கு வா’ என்று சொன்னால் காரியம் கெட்டது. மறுநாளே கம்பி நீட்டிவிடும். இருக்க இடமில்லாவிட்டாலும் ரோஷத்துக்குக் குறைவிருக்காது. அதனால் அக்கா உதவி செய்யமாட்டாள், உதவி கேட்பாள். “பேக்கரிக்காரருக்கு விடியக்காலைல அடுப்பு பத்த வைக்க ஆள் இல்லையாம்டா. மாடி ரூம் சும்மாதான் கிடக்கு, கொஞ்சம் போய் இரேன்.” “நர்ஸம்மா டியூட்டிக்குப் போயிட்டா அவங்க நாய் குரைச்சே ஊரைக் கூட்டுது. நீ அங்க தங்கினா நாங்க நிம்மதியா தூங்குவோம்.” தங்களுக்கு இப்படி ஒரு கஷ்டம் இருக்கிற விஷயம் பேக்கரிக்காரருக்கும் நர்ஸம்மாவுக்கும் அன்று சாயங்காலம்தான் தெரியவரும். தலையில் அடித்துக்கொண்டு கதவைத் திறந்துவிடுவார்கள். நர்ஸம்மா பாடுதான் திண்டாட்டம். அவசர அவசரமாக ஒரு நாயைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

இந்த வருஷம் அக்காவின் கண்ணில் பட்டவள் கடைசி வகுப்பில் படிக்கும் ஒரு பெண். ஒரு வாரம் பால் பண்ணை ஸ்டாப்பில் ஏறுவாள், மறு வாரம் மர மில் ஸ்டாப்பில், அப்புறம் வாய்க்கால் பாலத்தில். எங்கே ஏறினாலும் முதல் ஆள். முதுகில் ஒரு பை, வெடித்துவிடும் போலப் புடைத்துக்கொண்டு. ஒரு நாள் பின்னலில் மரத்தூள் இருந்தது.

“என்னடி, ஸ்டாப்பை மாத்திக்கிட்டே இருக்க?” என்று அக்கா விளையாட்டாகக் கேட்டாள்.

“காத்து மாறுதலுக்கு” என்று பட்டென்று பதில் வந்தது.

அந்தப் பெண்ணின் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். இருந்த வீட்டை வீட்டுக்காரர் பூட்டிவிட்டார். அண்ணன் ஒருவன் இருந்தான், இதே பஸ்ஸில் வந்தவன்தான். ஒரு டீச்சர் மனம் பொறுக்காமல், நல்ல எண்ணத்தோடுதான், வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனுக்கு ஒரு போர்வையைக் கொடுத்தார். மறுநாள் டவுனுக்குப் போனவன்தான், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அக்காவுக்கு அது ஆறாத புண். இவளும் அப்படிப் போய்விட்டால் பரீட்சையும் போச்சு, பெண்ணும் போச்சு.

ஆனால் எங்கே தங்க வைப்பது? பேக்கரி மாடி நிரம்பிவிட்டது. நர்ஸம்மா வீட்டில் நாய்க்கே இடமில்லை. அக்கா வீட்டில் ஏற்கனவே இரண்டு பையன்கள், பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் என்று. அவள் புருஷன் இன்னும் அதை நம்பிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடு, நாத்தனார் வீடு.

நாத்தனார் டெய்லர், தனிக்கட்டை. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. அக்காவின் டிரைவர் சட்டையை இடுப்பில் தாராளமாகத் தைத்துக் கொடுத்து, “விடு, எப்படியும் நிரம்பிடும்” என்று சொன்னதுதான் சண்டைக்குக் காரணம். நிரம்பியும் விட்டது. அதைத்தான் அக்காவால் மன்னிக்க முடியவில்லை.

ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒரு நாள் மாலை அக்கா அந்த வாசலில் போய் நின்றாள். நாத்தனார் தையல் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“மூணாவது பட்டன் தொங்குது. அதைத் தைக்க வந்தியா?”

“இல்லை அண்ணி. ஒரு பொண்ணு இருக்கா.”

பெண்ணைப் பற்றிச் சொன்னாள். அண்ணனைப் பற்றியும் சொன்னாள். மிஷின் நின்றது.

“பின்னாடி ரூம் காலியாத்தான் இருக்கு. நான் என்ன பொய் சொல்லணும்?” என்றாள் நாத்தனார். ஊரில் அக்காவின் வேலை யாருக்குத்தான் தெரியாது.

“உங்களுக்குக் கண்ணு மங்கிடுச்சுன்னு. ஊசில நூல் கோக்க முடியலைன்னு.”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. எதிர் வீட்டுக் காலண்டரில் தேதி பார்க்கிறவள் அவள். அந்தக் கண்ணில்தான் அவள் பெருமை முழுக்க இருந்தது.

“எனக்கா? கண்ணா? காலு உடைஞ்சு போச்சுன்னு சொல்லேன்.”

“காலு உடைஞ்சா மிஷினை யார் மிதிக்கிறது?”

நாத்தனார் மறுபடி மிஷினில் காலை வைத்தாள். “சரி, தொலை. பரீட்சை வரைக்கும்தான் மங்கும்.”

அந்தப் பெண் வந்தாள். தினமும் காலையில் வரிசையாக ஊசிகளில் நூல் கோத்து, குத்தி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் துணி வெட்டும் மேஜையின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து படிப்பாள். நாத்தனாரின் நடிப்புதான் கொஞ்சம் ஓவர். சுவரைத் தடவித் தடவி நடந்தாள். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு, தானே குடித்தும் தொலைத்தாள்.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று. ஆனாலும் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. ஸ்டாப் மாறவில்லை என்பது வாஸ்தவம், டெய்லர் வீட்டு வாசல்தான். ஆனால் தினமும் பஸ் வரும் முன்பே அந்தப் பெண் அங்கே நின்றாள், முதுகில் அதே புடைத்த பையோடு. தன்னுடைய சொத்து மொத்தத்தையும் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்துகொண்டு போனாள். அவள் இன்னும் அந்த வீட்டில் உட்காரவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தாள் என்று அக்காவுக்குப் புரிந்தது.

குட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிப்பட்டது. அக்கா டிரைவர் சட்டையோடு தெருவின் அந்தக் கோடியில் திரும்பி நடந்து வந்தாள். நாத்தனாரும் அந்தப் பெண்ணும் வாசலில் உட்கார்ந்து கிழிந்த துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் நிமிர்ந்து, தூரத்தில் வந்த அக்காவைப் பார்த்தாள். கைதான் வழக்கம்போல் துணியைத் தடவிற்று, வாய் தடவவில்லை.

“அடியே! நீலக் காலருக்குக் கறுப்பு நூலா போட்டுத் தைச்சிருக்கு? அதுலயும் ரெண்டு தையல் விட்டுப்போயிருக்கு! எவன்டி தைச்சது?”

தைத்தது பஞ்சர் கடைக்காரர். ஆனால் அது இப்போது முக்கியமில்லை. அந்தப் பெண் தெருவின் நீளத்தைப் பார்த்தாள், கிட்டத்தில் வந்துவிட்ட காலரைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. பெண் எழுந்து உள்ளே போனாள். பின் அறையில் பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது.

“உங்க கண்ணை வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியலையா அண்ணி?”

“என்ன பண்ணச் சொல்ற? கறுப்பு நூலைப் பார்த்தா யாருக்குத்தான் பொறுக்கும்?” என்றாள் நாத்தனார்.

அன்றைக்கு வீட்டில் அக்கா குரலே எழும்பவில்லை. புருஷன் பயந்துபோய், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை பஸ் டெய்லர் வீட்டு முன்னால் வந்து நின்றது. வாசலில் யாரும் இல்லை.

இத்தனை நாளில் இப்படி நடந்ததில்லை. அக்காவுக்கு அந்த அண்ணன் நின்ற பழைய ஸ்டாப் ஞாபகம் வந்தது. அன்றும் இப்படித்தான் ஆளில்லாமல் இருந்தது. ஹாரனை அழுத்தினாள். கதவு அசையவில்லை. கையை எடுக்காமல் அழுத்தினாள். “அக்கா, போகலாம், பெல் அடிச்சிடுவாங்க” என்று பின்னாலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள். அவள் காதில் விழவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்ப்பதற்கு அவளுக்குப் பயமாக இருந்தது.

கதவு படீரென்று திறந்தது.

பின்னாத தலை, ஒரு காலில் ஷூ, இன்னொன்று கையில், வாயில் ரொட்டி. ஓடிவந்தாள் அந்தப் பெண். முதுகில் பை ஒட்டிக் கிடந்தது. நாலு புத்தகத்துக்கு மேல் அதில் எதுவும் இல்லை. மற்றதெல்லாம் நேற்றே அலமாரிக்குப் போயிருந்தது. பின்னாலேயே நாத்தனார், கையில் சாப்பாட்டு டப்பாவோடு.

“எத்தனை தடவை எழுப்பறது! இழுத்துப் போர்த்திக்கிட்டு, ‘இன்னும் அஞ்சு நிமிஷம் அத்தை, இன்னும் அஞ்சு நிமிஷம்’ங்கறா! நான் என்ன இவளுக்கு அலாரமா?”

அந்தப் பெண் ரொட்டியை வாயிலிருந்து எடுத்தாள். “அக்கா, ஊசிக்கு நூல் கோக்க மறந்துட்டேன். சாயங்காலம் வந்துதான் கோக்கணும். பாவம், அத்தைக்குக் கண்ணு வேற தெரியாது” என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

“ஆமாமா, இன்னிக்குச் சுத்தமாவே தெரியலை” என்றாள் நாத்தனார். டப்பாவை அவள் கையில் திணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்காவுக்கு அப்போதுதான் தொண்டை திறந்தது. “ஏன்டி, உனக்காக ஊரே காத்துக்கிட்டு நிக்கணுமா? மகாராணி எழுந்திரிக்கற நேரத்துக்குத்தான் பஸ் எடுக்கணுமா? நாளைக்கு இப்படி லேட்டா வந்து பாரு, விட்டுட்டுப் போயிடுவேன்!” என்று ஆரம்பித்தவள், அடுத்த ஸ்டாப் வரைக்கும் நிறுத்தவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக அவள் யாரையும் திட்டியதில்லை. அந்தப் பெண் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, இன்னொரு ஷூவை மாட்டிக்கொண்டு, மீதி ரொட்டியைத் தின்றாள்.